தொலைவை அளக்கும் திறன்பேசி

பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் வீட்டுச் சாவியைக் காணாமல் தேடுவது பல குடும்பங்களில் நடப்பதுதான். மேசை, அலமாரி, துணிக்கூடை, நேற்று அணிந்த சட்டைப்பை என ஓர் இடம் விடாமல் சல்லடை போட்டுத் தேடுவார்கள். இப்போது சில வீடுகளில் இந்தத் தேடல் வேறு விதமாக நடக்கிறது. சாவிக்கொத்தில் 'டேக்' எனப்படும் சிறிய வில்லை ஒன்று தொங்குகிறது. திறன்பேசியைக் கையில் எடுத்தால், திரையில் ஓர் அம்புக்குறி தோன்றிச் சாவி இருக்கும் திசையைக் காட்டுகிறது. அதன் அருகே, "2 மீட்டர்" என்று தொலைவும் தெரிகிறது. சாவியை நோக்கி நடக்க நடக்க அந்த எண் குறைகிறது. உடலைத் திருப்பினால் அம்புக்குறியும் திரும்புகிறது.

இதைச் செய்வது ஜிபிஎஸ் அன்று. ஜிபிஎஸ், ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் துணைக்கோளங்களின் சமிக்ஞைகளை நம்பி இயங்குவது. திறந்த வெளியில்கூட அதன் கணிப்பு சில மீட்டர் முன்பின் இருக்கலாம். கட்டடத்திற்குள் அந்தச் சமிக்ஞை மிகவும் நலிந்துவிடும். நாற்காலி இடுக்கில் விழுந்த சாவியைக் கண்டுபிடிக்க அது போதாது.

அறைக்குள் இருக்கும் பொருளின் தொலைவை ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் துல்லியத்துடன் சொல்லும் தொழில்நுட்பத்தின் பெயர் 'அல்ட்ரா வைட்பேண்ட்'. தமிழில் இதனை 'அதி அகல அலைவரிசை' எனலாம். இது எவ்வாறு இயங்குகிறது, எங்கே பயன்படுகிறது, இதனால் எழும் கேள்விகள் யாவை என்பதை இப்பகுதி விளக்குகிறது.

பெயருக்குள் இருக்கும் பொருள்

வானொலி, தொலைக்காட்சி, அருகலை, புளூடூத் ஆகிய அனைத்தும் வானொலி அலைகளைக் கொண்டே தகவலை அனுப்புகின்றன. ஆனால், ஒவ்வொன்றும் பயன்படுத்தும் அலைவரிசையின் அகலம் வேறுபடுகிறது. ஒரு பண்பலை வானொலி நிலையம் ஏறக்குறைய 0.2 மெகாஹெர்ட்ஸ் அகலத்திற்குள் தன் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பிவிடும். புளூடூத்திற்கு 1 அல்லது 2 மெகாஹெர்ட்ஸ் போதும். அருகலை பெரும்பாலும் 20 முதல் 160 மெகாஹெர்ட்ஸ் வரை எடுத்துக்கொள்கிறது. அதி அகல அலைவரிசையோ ஏறத்தாழ 500 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் மேற்பட்ட அகலத்தைப் பயன்படுத்துகிறது. பெயர்க்காரணம் இதுதான்.

இவ்வளவு அகலம் எதற்கு? அலைவரிசை எந்த அளவுக்கு அகலமாக இருக்கிறதோ, அந்த அளவுக்குக் குறுகிய துடிப்புகளை அனுப்ப முடியும் என்பது இயற்பியல் விதி. அதி அகல அலைவரிசையின் ஒரு துடிப்பு ஏறக்குறைய 2 நானோ விநாடியே நீடிக்கிறது. ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் ஒரு நானோ விநாடி.

குறுகிய துடிப்பின் பயனை ஒரு மண்டபத்தில் நின்று பார்த்தால் புரிந்துகொள்ளலாம். வெறுமையான பெரிய மண்டபத்தில் ஒருவர் நாதஸ்வரத்தை நீட்டி ஊதுகிறார் எனக் கொள்வோம். சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி, மூல ஒலியோடு கலந்துவிடும். எந்த ஒலி முதலில் வந்தது, எது சுவரில் பட்டு வந்தது என்று பிரித்தறிய இயலாது. அதே மண்டபத்தில் ஒரே ஒரு முறை கைதட்டினால், முதல் ஒலி தனியாகவும் எதிரொலி தனியாகவும் கேட்கும். நீண்ட அலைக்கும் குறுகிய துடிப்புக்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. அறையின் சுவர், கண்ணாடி, மேசை ஆகியவற்றில் பட்டுத் தாமதமாக வரும் துடிப்புகளை ஒதுக்கிவிட்டு, நேர்வழியில் முதலில் வந்த துடிப்பை மட்டும் கருவி தேர்ந்தெடுக்கிறது.

இவ்வளவு அகலமான அலைவரிசையைப் பயன்படுத்தினால் மற்றக் கருவிகளுக்கு இடையூறு ஏற்படாதா என்ற ஐயம் எழலாம். அதைத் தவிர்க்கவே இதன் ஆற்றல் மிகவும் குறைவாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. கணினி போன்ற மின்னணுக் கருவிகளிலிருந்து தற்செயலாகக் கசியும் அலைகளுக்கு விதிக்கப்பட்டுள்ள அதே வரம்புதான் இதற்கும் பொருந்துகிறது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தாலும் இதன் சராசரி ஆற்றல் ஒரு மில்லிவாட்டுக்கும் மிகக் குறைவு. அதனால், இது சில பத்து மீட்டருக்குள்தான் வேலை செய்யும்.

நேரத்தை அளந்தால் தொலைவு தெரியும்

அதி அகல அலைவரிசை வருவதற்கு முன்பே புளூடூத்தைக் கொண்டு தொலைவைக் கணிக்கும் முறை இருந்தது. அது சமிக்ஞையின் வலிமையை அடிப்படையாகக் கொண்டது. சமிக்ஞை வலுவாக இருந்தால் பொருள் அருகில் இருக்கிறது. வலுவிழந்திருந்தால் தொலைவில் இருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து ஒருவர் கூப்பிடும்போது, குரலின் உரப்பை வைத்து அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று ஊகிப்பதைப் போன்றது இது. கதவை மூடினால் குரல் தாழ்ந்துவிடும். ஆனால், பேசுபவர் நகர்ந்திருக்க மாட்டார். அவ்வாறே, புத்தகப் பையும் சுவரும் மனித உடலும் புளூடூத் சமிக்ஞையை வலுவிழக்கச் செய்து கணிப்பைத் தவறாக்கிவிடும்.

அதி அகல அலைவரிசை வலிமையைப் பார்ப்பதில்லை. பயண நேரத்தைப் பார்க்கிறது. வானொலி அலைகள் ஒளியின் வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 300,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. இதன்படி, ஒரு நானோ விநாடியில் அலை கடக்கும் தொலைவு 30 சென்டிமீட்டர். மாணவர்கள் பயன்படுத்தும் ஓர் அடிக்கோலின் நீளம் அது.

திறன்பேசிக்கும் வில்லைக்கும் இடையே நடப்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். திறன்பேசி ஒரு துடிப்பை அனுப்பி, அந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. வில்லை அதைப் பெற்று, சிறிது நேரம் கழித்துப் பதில் துடிப்பை அனுப்புகிறது. பதில் அனுப்ப எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்பதையும் அது தெரிவிக்கிறது. அந்த நேரம் 300,000 நானோ விநாடி என்று கொள்வோம். துடிப்பு போய்த் திரும்ப மொத்தம் 300,040 நானோ விநாடி ஆனதாகத் திறன்பேசி அளக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 40 நானோ விநாடி. அது போகவும் வரவும் ஆன நேரம் என்பதால், ஒரு வழிப் பயணத்திற்கு 20 நானோ விநாடி. நானோ விநாடிக்கு 30 சென்டிமீட்டர் என்று பெருக்கினால், வில்லை 6 மீட்டர் தொலைவில் இருக்கிறது.

கணக்கு எளிது. ஆனால், அதைப் பிழையின்றிச் செய்வது கடினம். எந்தக் கடிகாரமும் முற்றிலும் சரியாக ஓடுவதில்லை. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் ஒரு கடிகாரம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு வேகமாக ஓடினாலும், 300,000 நானோ விநாடியில் 3 நானோ விநாடிப் பிழை வந்துவிடும். விடையில் அது 45 சென்டிமீட்டர் பிழையாக மாறும். இதைத் தவிர்க்க, இரு கருவிகளும் மாறி மாறித் துடிப்புகளைப் பரிமாறிக்கொண்டு, இரு பக்கமும் நேரத்தை அளக்கின்றன. இரண்டு அளவீடுகளையும் சேர்த்துக் கணக்கிடும்போது, கடிகாரப் பிழையின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது.

திசையை அறியும் முறை வேறு. திறன்பேசிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட அலைவாங்கிகள் சில சென்டிமீட்டர் இடைவெளியில் பொருத்தப்பட்டுள்ளன. வலப்பக்கத்திலிருந்து வரும் அலை, வலப்பக்க அலைவாங்கியை ஒரு நொடித்துணுக்கு முன்னதாகத் தொடும். அந்த நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு, அலை எந்தக் கோணத்திலிருந்து வந்தது என்பதைத் திறன்பேசி கணக்கிடுகிறது. மனிதனின் இரண்டு காதுகளும் ஒலி வரும் பக்கத்தை உணர்வது ஓரளவு இதைப் போன்றதுதான்.

இத்தொழில்நுட்பத்திற்கும் குறைகள் உண்டு. மனித உடலில் நீர் அதிகம் இருப்பதால், இந்த அலைகள் உடலை எளிதில் ஊடுருவ முடிவதில்லை. திறன்பேசியைப் பின்பையில் வைத்துக்கொண்டு வில்லைக்கு முன்னால் நின்றால் அளவீடு தடைபடலாம். கனமான சுவரும் உலோகக் கதவும் இதற்குத் தடைகளே.

தோல்விக்குப் பின் கிடைத்த வெற்றி

அதி அகல அலைவரிசையின் வேர்கள் நூறாண்டுக்கும் பழமையானவை. 1880களின் பிற்பகுதியில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் மின்பொறிகளைக் கொண்டு வானொலி அலைகளை உருவாக்கிக் காட்டினார். 1901ஆம் ஆண்டு டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து சமிக்ஞை அனுப்பியதும் மின்பொறிக் கருவியால்தான். மின்பொறியிலிருந்து எழும் அலை, பரந்த அலைவரிசை முழுவதும் சிதறிச் செல்லக்கூடியது. ஒருவர் அனுப்பும் செய்தி மற்றவரின் செய்தியோடு மோதியதால், காலப்போக்கில் அக்கருவிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு குறுகிய அலைவரிசை என்பதே வழக்கமாயிற்று.

குறுகிய துடிப்புகளைப் பயன்படுத்தும் ஆய்வு பின்னர் ராடார் துறையில் தொடர்ந்தது. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு, 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், மிகக் குறைந்த ஆற்றலுடன், உரிமம் இல்லாமலேயே இதைப் பயன்படுத்தலாம் என அனுமதித்தது. அடுத்த ஆண்டே சிங்கப்பூர், தன் அறிவியல் பூங்காவின் ஒரு பகுதியை இத்தொழில்நுட்பத்திற்கான சோதனைக் களமாகத் திறந்துவிட்டது.

அன்றைய எதிர்பார்ப்பு தொலைவை அளப்பதைப் பற்றியது அன்று. கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் இடையே கம்பியில்லாமல் மிக விரைவாகத் தகவலை அனுப்ப வேண்டும் என்பதே பலரின் கனவாக இருந்தது. 3 மீட்டர் தொலைவில் விநாடிக்கு 480 மெகாபிட் வேகத்தை எட்டும் கம்பியில்லா யூஎஸ்பி கருவிகள் அறிவிக்கப்பட்டன. ஆனால், எந்த முறையைப் பொதுத் தரமாக ஏற்பது என்பதில் நிறுவனங்கள் இரு அணிகளாகப் பிரிந்து நின்றன. மூன்றாண்டு இழுபறிக்குப் பின், 2006ஆம் ஆண்டில் தரக்குழுவே கலைக்கப்பட்டது. இதற்கிடையில் அருகலையின் வேகம் கூடிக்கொண்டே போனது. கம்பியில்லா யூஎஸ்பி கருவிகள் சந்தையில் நிலைக்கவில்லை.

தகவல் அனுப்பும் போட்டியில் தோற்ற தொழில்நுட்பத்தை ஆய்வாளர்கள் கைவிட்டுவிடவில்லை. இதனால் நேரத்தை மிகத் துல்லியமாக அளக்க முடியும் என்பதை அவர்கள் கண்டிருந்தனர். 2007ஆம் ஆண்டில் தொலைவை அளப்பதற்கான தரவிதிகள் வெளியிடப்பட்டன. தொழிற்சாலைகளும் கிடங்குகளும் பொருள்கள் இருக்கும் இடத்தை அறிய இதைப் பயன்படுத்தத் தொடங்கின. 2019ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 11 வரிசையில் இதற்கான சில்லைப் பொருத்தியது. 2020இல் சாம்சுங் கேலக்ஸி நோட் 20 அல்ட்ராவும் 2021இல் கூகள் பிக்சல் 6 புரோவும் அதைப் பின்பற்றின. ஆயினும், இன்றும் விலை மலிவான திறன்பேசிகள் பலவற்றில் இந்த வசதி இல்லை.

திருடனை ஏமாற்றும் சாவி

காணாமற்போன சாவியைத் தேடுவதைக் காட்டிலும், சாவியாகவே மாறுவதில்தான் இத்தொழில்நுட்பத்தின் பெரும்பயன் அடங்கியுள்ளது.

இன்றைய கார்கள் பலவற்றில் சாவியைத் துளையில் நுழைத்துத் திருக வேண்டியதில்லை. சாவி சட்டைப்பையில் இருந்தாலே போதும். அருகில் சென்றதும் கதவு திறக்கும். கார் ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது, அதைக் கேட்ட சாவி பதில் அளிக்கிறது, கதவு திறக்கிறது. சாவி எட்டும் தொலைவில் இருந்தால்தான் சமிக்ஞை கேட்கும் என்ற நம்பிக்கையில் இந்த ஏற்பாடு அமைந்துள்ளது.

திருடர்கள் அந்த நம்பிக்கையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள். இருவர் சேர்ந்து வருகிறார்கள். ஒருவன் காரின் அருகே நிற்கிறான். மற்றவன் வீட்டு வாசலில் நிற்கிறான். இருவரிடமும் சமிக்ஞையை வாங்கி அனுப்பும் கருவிகள் உள்ளன. கார் அனுப்பும் சமிக்ஞை வீட்டுக்குள் இருக்கும் சாவிக்குக் கடத்தப்படுகிறது. சாவியின் பதில் காருக்குக் கடத்தப்படுகிறது. உரிமையாளர் உறங்கிக்கொண்டிருக்க, சாவி பக்கத்தில் இருப்பதாக நம்பிக் கார் கதவைத் திறந்துவிடுகிறது. கண்ணாடி உடைவதில்லை, சத்தமும் எழுவதில்லை.

நேரத்தை அளக்கும் சாவியிடம் இந்தத் தந்திரம் எளிதில் பலிக்காது. சாவி 20 மீட்டர் தொலைவில் இருந்தால், துடிப்பு போய்த் திரும்பக் குறைந்தது 133 நானோ விநாடி ஆகும். இடையில் எத்தனை கருவிகளை வைத்தாலும் அந்த நேரம் கூடுமே தவிரக் குறையாது. சமிக்ஞையை உரக்கச் செய்ய முடியும். ஒளியைவிட வேகமாக ஓடச் செய்ய முடியாது. சாவி தொலைவில்தான் இருக்கிறது என்று அறிந்து, கார் கதவைத் திறக்காமல் இருந்துவிடும்.

2021ஆம் ஆண்டில் பிஎம்டபிள்யூ நிறுவனம் தன் ஐஎக்ஸ் காரில் இத்தகைய திறன்பேசிச் சாவியை அறிமுகப்படுத்தியது. வெவ்வேறு நிறுவனங்களின் கார்களும் திறன்பேசிகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்கான பொதுத் தரமும் அதே ஆண்டில் வெளிவந்தது.

இதனால் திருட்டு அடியோடு ஒழிந்துவிடும் என்று சொல்லிவிட முடியாது. 2022ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சில திறன்பேசிகளின் அளவீட்டையும் குழப்ப முடியும் என்று சோதனையில் காட்டினர். உண்மையான துடிப்பு வருவதற்கு முன்பே வந்ததைப் போன்ற ஒரு போலித் துடிப்பை ஏற்படுத்தி, 12 மீட்டர் தொலைவை 0 மீட்டர் என்று அவர்கள் காட்டச் செய்தனர். நூறு முயற்சிகளில் மிகச் சில மட்டுமே வெற்றி பெற்றாலும், அது புறக்கணிக்கத்தக்கதன்று. இயற்கையின் விதியை யாராலும் மீற முடியாது; ஆனால், அந்த விதியை அளக்கும் கருவியை ஏமாற்ற வழி தேடுபவர்கள் இருந்துகொண்டே இருப்பார்கள்.

மூச்சை உணரும் துடிப்பு

அதி அகல அலைவரிசை ராடாராகவும் செயல்படக்கூடியது. காருக்குள் அனுப்பப்படும் துடிப்புகள் உள்ளே இருப்பவரின் மீது பட்டுத் திரும்புகின்றன. ஒருவர் மூச்சு விடும்போது அவரது மார்பு சில மில்லிமீட்டர் அளவு ஏறி இறங்கும். திரும்பி வரும் துடிப்புகளில் அந்தச் சிறு மாற்றமும் பதிகிறது. போர்வைக்குள் உறங்கும் கைக்குழந்தையின் மூச்சைக்கூட இம்முறையில் உணர முடியும்.

மலேசியா போன்ற வெப்பமண்டல நாட்டில் இதன் அருமை எளிதில் விளங்கும். வெயிலில் நிறுத்தப்பட்ட காருக்குள் வெப்பம் சில நிமிடங்களிலேயே ஆபத்தான அளவுக்கு உயர்ந்துவிடும். பெற்றோரின் மறதியால் காருக்குள் விடப்பட்ட குழந்தைகள் உயிரிழந்த துயரச் சம்பவங்கள் இந்நாட்டிலும் நிகழ்ந்துள்ளன. கதவைப் பூட்டிவிட்டு நடக்கும் பெற்றோரின் திறன்பேசிக்கு உடனே எச்சரிக்கை சென்றால், ஓர் உயிர் காக்கப்படும். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் அமைப்பு, 2023ஆம் ஆண்டு முதல் இத்தகைய வசதிக்கும் புள்ளி வழங்கி வருகிறது.

யார் அறியலாம்?

ஒரு பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி, ஒரு மனிதர் இருக்கும் இடத்தையும் காட்டிவிடும். 2021ஆம் ஆண்டில் தேடல் வில்லைகள் பரவலாக விற்பனைக்கு வந்த சில மாதங்களிலேயே, பிறரின் பையிலோ காரிலோ அவற்றை ஒளித்துவைத்து அவர்களைப் பின்தொடரும் குற்றங்கள் பல நாடுகளில் தெரியவந்தன.

இங்கே ஒரு நுட்பமான உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். ஊர் கடந்து சென்ற வில்லையின் இருப்பிடம் அதி அகல அலைவரிசையால் தெரிவதில்லை. வில்லை புளூடூத் சமிக்ஞையை அனுப்புகிறது. வழியில் செல்லும் முன்பின் அறியாதவர்களின் திறன்பேசிகள் அதைக் கேட்டு, அதன் இருப்பிடத்தை இணையம் வழியாக உரிமையாளருக்குத் தெரிவிக்கின்றன. அருகில் வந்தபின் கடைசிச் சில மீட்டருக்கு வழிகாட்டுவதே அதி அகல அலைவரிசையின் வேலை. இவ்விரண்டும் சேரும்போது, ஒரு வில்லையால் நகரின் மறுகோடியில் உள்ள பையைக்கூடத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. அந்தப் பை யாருடையது என்பது வில்லைக்குத் தெரியாது.

இச்சிக்கலைக் களைய, ஆப்பிள், கூகள் ஆகிய இரு நிறுவனங்களும் போட்டியை ஒதுக்கிவைத்து ஒரு பொது ஏற்பாட்டை உருவாக்கின. 2024ஆம் ஆண்டு மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. பிறருக்குச் சொந்தமான வில்லை ஒருவருடன் தொடர்ந்து பயணம் செய்தால், அவருடைய திறன்பேசி எந்த நிறுவனத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும் எச்சரிக்கை வரும். எச்சரிக்கை பெற்றவர் அந்த வில்லையை ஒலிக்கச் செய்து, அது எங்கே ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது என்று கண்டறியலாம்.

இத்தகைய எச்சரிக்கை ஒரு மாணவரின் திறன்பேசியில் தோன்றினால், அதை விளையாட்டாக எண்ணி அழித்துவிடக்கூடாது. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். தேவையானால் காவல்துறையின் உதவியையும் நாட வேண்டும். அவ்வாறே, நண்பனின் பையில் வேடிக்கைக்காக ஒரு வில்லையைப் போட்டுவைப்பதும் வேடிக்கையாகாது. ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் அவர் இருக்கும் இடத்தை அறிய முயல்வது அவருடைய தனியுரிமையை மீறும் செயலாகும்.

அதி அகல அலைவரிசை, ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதைச் சில சென்டிமீட்டர் வேறுபாட்டில் சொல்லிவிடுகிறது. அந்தத் தகவலைப் பெறும் உரிமை யாருக்கு உண்டு என்பதை எந்தத் துடிப்பாலும் சொல்ல இயலாது. அதைச் சட்டங்களும் நிறுவனங்களின் பொறுப்புணர்வும் பயனரின் நற்பண்புமே முடிவு செய்ய வேண்டும். கையில் இருக்கும் கருவி எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொண்ட மாணவர்கள், அதை எங்கே பயன்படுத்தலாம், எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் சிந்தித்துச் செயல்படுவார்கள்.